தோள் உரசல் வலி: மெஷின் ஒத்தடமா, ரப்பர் பட்டையா?

அண்ணாந்து சுவர் பூசும் காரைக்குடி கொத்தனாருக்கும், பரணிலிருந்து அண்டா இறக்கும் ஆச்சிக்கும் இதே தோள் உரசல் வலிதான்; கை தூக்கும்போது தோள் தசைநாண் மேலெலும்பில் உரசுவது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஏறக்குறைய 60 டிகிரியில் பிடிக்கும், 120 தாண்டினால் விடும்.

அல்ட்ராசவுண்ட் மெஷினில் ஜெல் தடவி ஐந்து பத்து நிமிடம் தேய்ப்பார்கள். இதமாக இருக்கும், அவ்வளவுதான். பயிற்சியோடு இதைச் சேர்த்தாலும் கூடுதல் பலன் பெரிதாக இல்லை.

என் ஓட்டு உடற்பயிற்சி ரப்பர் பட்டைக்கு. வலது தோளில் வலி என்றால் முகப்புத் தூண் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பட்டையைத் தூணில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். வலது முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் அதற்கும் நடுவே சுருட்டிய துண்டை வையுங்கள். பட்டையின் மறுமுனையை வலது கையில் பிடித்து, முன்கையை வெளிப்பக்கமாக இழுத்து, மெதுவாக விடுங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது. தோள் காதுப்பக்கம் ஏறினால் கழுத்துத் தசைதான் உழைக்கிறது. மெல்லிய பட்டைக்கு மாறுங்கள். வலி பத்துக்கு மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையும் கூடுதலாக இருந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மெஷினைத் தேடிப் போகிறவர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.

அடுத்தவர் தூக்கிவிட்டாலும் கை ஏறவில்லையா? சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கமாக இருக்கலாம். விழுந்தபின் கை தூக்கவே வரவில்லை என்றால் பட்டையைத் தொடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.