என்னாரியா, என்னாரையா, என்னாரோவா?

இந்தத் தடவை லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது ரயில் நேரத்துக்கு வந்தது. பத்திர நகல் கேட்ட அன்றே கிடைத்தது. ஆதாரில் கைப்பேசி எண் மாற்ற அரை மணிகூட ஆகவில்லை. அதையெல்லாம் விவரித்து என்ன ஆகப்போகிறது? சொல்ல வேண்டியது கும்பகோணத்து வங்கிக் கிளை ஒன்றில் போட்ட எஃப்.டி.யைப் பற்றி.

கவுன்டரில் நடந்தது இவ்வளவுதான். வாடிக்கையாளர் சொன்னது: "என்ஆர்இ-ல பத்து லட்சம் எஃப்.டி. போடணும் சார், ஒரு வருஷத்துக்கு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்தது "என்ஆர்ஐ". அதிகாரி மரியாதையாகத் திருப்பியும் சொன்னார்: "என்னாரை எஃப்.டி., ஒரு வருஷம், சரிங்களா?" தலைகள் ஆடின. ரசீது கைக்கு வந்தபோது அதில் இருந்தது என்ஆர்ஓ.

மூன்றும் என்ன என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் குழப்பம் பிறக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். என்ஆர்ஐ என்பது ஆள், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர். அப்படி ஒரு கணக்கே கிடையாது. என்ஆர்இ வெளிநாட்டுச் சம்பளம் வந்து விழும் கணக்கு: வட்டிக்கு இங்கே வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம். என்ஆர்ஓ வாடகை, ஓய்வூதியம் மாதிரி உள்ளூர் வரவுக்கானது. நாம் விமானம் ஏறியதும் பழைய சேமிப்புக் கணக்கு மாற வேண்டியதும் இந்த என்ஆர்ஓ-வாகத்தான். ஊர்க் கிளைக்காரர்களுக்குப் பழக்கமான என்ஆர்ஐ-களில் பாதிப் பேரின் கணக்கு இப்படிப் பெயர் மாறியதுதான். ஆகவே "என்னாரை அக்கவுன்ட்" என்று காதில் விழுந்தால் அவர்கள் கை தானாக என்ஆர்ஓ பக்கம் போகிறது. இரண்டு கணக்கிலும் பணம் இருந்ததால் கணினியும் தடுக்கவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்றால், பத்து லட்சத்துக்கு 7% என்று வைத்தால் ஒரு வருட வட்டி 70,000 ரூபாய். என்ஆர்இ-யில் முழுதும் கைக்கு வரும். என்ஆர்ஓ-வில் 30 சதவீத வரி, அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி), ஆக 31.2 சதவீதம் பிடிப்பார்கள்: 21,840 ரூபாய். பிரிட்டனோடு உள்ள இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் 15 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் அதற்கு அங்கத்திய வரி அலுவலகத்தின் வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலச் சுருக்கம் டிடிஏஏ, கவுன்டரில் அதன் பெயர் "டிடி டபுள் ஏ". முதல் தடவை கேட்பவர் தூர்தர்ஷனில் ஏதோ புதுச் சேனல் என்றுதான் நினைப்பார். பிடித்த வரியைத் திரும்பப் பெற ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடலாம். என்ஆர்ஐ-க்கு ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2 தான்.

அன்றைக்கே ரசீதைப் பார்த்துவிட்டால் சேதம் இல்லை. என்ஆர்ஓ டெபாசிட்டை முறித்துவிட்டு என்ஆர்இ-யில் புதிதாகப் போடச் சொல்லலாம். ஏழு நாளுக்குள் முறித்தால் வட்டி கிடைக்காது, அவ்வளவுதான். தலைகீழாக நடந்திருந்தால் கதை வேறு: என்ஆர்இ எஃப்.டி.க்குக் குறைந்தபட்சம் ஒரு வருடம், அதற்குள் முறித்தால் ஒரு பைசா வட்டி இல்லை. ரசீதில் தொகையையும் தேதியையும் பார்த்து மடித்து வைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஸ்கீம் என்ற வரியைப் படியுங்கள். கணக்கின் வகை அங்கேதான் இருக்கும்.

இது காதின் குற்றமா, வாயின் குற்றமா? பள்ளியில் படித்த உடம்படுமெய்தான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. "என்ஆர்ஓ அக்கவுன்ட்" நம் வாயில் "என்னாரோவக்கவுன்ட்" ஆகிறது. நடுவில் வகரம் வருவதால் தப்பிக்கிறது. என்ஆர்இ, என்ஆர்ஐ இரண்டுக்கும் பின்னால் வருவது யகரம்: "என்னாரியக்கவுன்ட்", "என்னாரையக்கவுன்ட்". தலைக்கு மேல் ஃபேன் ஓட, பக்கத்தில் பாஸ்புக் பிரின்டர் கறகறக்க, இரண்டையும் பிரித்துக் கேட்க யாராலும் முடியாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் கடைசி எழுத்தில் அழுத்தம் கொடுப்பார்கள். நமக்கு அந்த அழுத்தம் கிடையாது, எழுத்துகளைச் சேர்த்துக் கட்டிவிடுவோம். எல்.ஐ.சி. "எல்லைசி" ஆனதும் ஈ.எம்.ஐ. "இயெம்மை" ஆனதும் இப்படித்தான். எல்லைசியால் யாருக்கும் பணம் போகாது, ஏனென்றால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு "எல்லோசி" இல்லை.

லண்டனில் இந்தப் பிரச்சினை எழவே வழியில்லை. அங்கே டெபாசிட் போட மனிதரிடம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. திரையில் எழுத்து இருக்கிறது, தட்டினால் முடிந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் தெருமுனைக் கிளையை மூடிக் காப்பிக்கடை ஆக்கிவிட்டார்கள். கும்பகோணத்தில் கிளை இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், "அப்பாவுக்கு இப்ப முட்டி வலி தேவலையா சார்?" என்று கேட்கவும் செய்கிறார். பித்தளை டோக்கன்தான் போய்விட்டது. நூல் கட்டிய பேனா அப்படியே இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் பேச்சை நம்பிப் படிவம் நிரப்பும் ஊரில் ஒரு உயிரெழுத்துக்கு 21,840 ரூபாய் விலை என்பது கொஞ்சம் அதிகம். "ஃபாரின் பணம் போடற கணக்கு, வரி பிடிக்காத கணக்கு" என்று சொல்லுங்கள். கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றெழுத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மற்றபடி நம் ஆட்கள் பணச் சுருக்கெழுத்துகளைச் சொல்வதில் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் உயிரெழுத்து இருந்து, நாக்கில் உருண்டால் அது சொல் ஆகிவிடும்: செபி, சிபில், ஃபெமா, மைக்கர், நாச், நெஃப்ட். உருளாவிட்டால் எழுத்தெழுத்தாக: ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ், கேஒய்சி. ஃபகரம் வராதவர்கள் "நெப்ட்" என்பார்கள், பாதகமில்லை. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்து நாலு மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாக ஓடுகிறது. அடுத்த டிசம்பரில் பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ்ஸும் நாள் முழுதும் என்று ஆனது, அதற்குக் குறைந்தபட்சம் 2 லட்சம். இது தெரியாமல் "நாலு மணிக்குள்ள வந்துடணும்" என்று ஓடிவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், டிமாண்ட் டிராஃப்ட்டுக்கும் தந்திப் பணமாற்றுக்கும் (டெலிகிராஃபிக் ட்ரான்ஸ்ஃபர்) ஒரே "டிடி" சொல்லி வளர்ந்த தலைமுறை.

பான் கார்டை நிறையப் பேர் "பேன் கார்டு" என்கிறார்கள். தலையில் இருப்பதா, கூரையில் சுற்றுவதா என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி விஷயத்தில்தான் நிஜமாகவே அடிபடும் இடம் ஒன்று உண்டு. பதினோரு எழுத்து: முதல் நாலு வங்கி, கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவதாக இருப்பது எப்போதும் பூஜ்யம். ஃபோனில் சொல்கிறவர் அதை "ஓ" என்பார். கேட்கிறவர் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுவார். நெட்பேங்கிங் செல்லாது என்று திருப்பிவிடும். தாளில் எழுதிக் கொடுத்தால் பழகிய கிளார்க் தானே திருத்திக்கொள்வார், வெளிநாட்டிலிருந்து பெனிஃபிஷியரி (பணம் பெறுபவர்) சேர்க்கிறவருக்கு அந்த உதவி கிடையாது. "டபுள் ஜீரோ, ட்ரிபிள் ஜீரோ" என்றால் எத்தனை பூஜ்யம் என்று எண்ணி, மொத்தம் பதினொன்று வருகிறதா என்று பாருங்கள். "ஓ" வேண்டாம், "பூஜ்யம்" என்றே சொல்லுங்கள். எந்த எழுத்தோடும் அது குழம்பாது. 2025 ஏப்ரலுக்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இது பிரிட்டனில் முன்னமே பழகியது, இங்கேயும் வந்தது நிம்மதி. அந்தப் பெயரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

எஸ்.ஐ.பி. இன்னொரு வேடிக்கை. அத்தை பையன் "மாசம் அஞ்சாயிரம் சிப் போடறேன்" என்றால், பிரிட்டனிலிருந்து வந்தவர் காதில் விழுவது அந்த ஊர் சிப்: 55 வயதுவரை, 2028 முதல் 57 வயதுவரை, தொட முடியாத ஓய்வூதியக் கணக்கு. "இந்த வயசிலேயேவா தம்பி?" என்று பாராட்டப் போக, அவன் சொன்னது மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை, பெரும்பாலான ஃபண்டுகளில் நினைத்தபோது நிறுத்தலாம், எடுக்கலாம். வரி சேமிப்பு ஃபண்டில் மட்டும் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று வருடப் பூட்டு.

சந்தோஷமும் சொல்லத்தான் வேண்டும். பூக்காரம்மாவிடம் யுபிஐ என்று யாரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை. எந்தச் செயலியாக இருந்தாலும் "ஜீபே பண்ணிடுங்க". சின்ன ஒலிபெருக்கி தொகையைத் தமிழில் சொல்லிவிடுகிறது, இரண்டு நொடியில் வேலை முடிந்தது. 2023 ஜனவரியில் பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டுக் கைப்பேசி எண்களுக்கு யுபிஐ-யைத் திறந்துவிட்டார்கள். அந்த எண் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும், உங்கள் வங்கியும் செயலியும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் அங்கிருந்தே சோதித்துவிடுங்கள்.

என்ஆர்ஓ-வில் சேர்ந்த பணத்தை என்ஆர்இ-க்கோ வெளிநாட்டுக்கோ மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு நிதியாண்டுக்கு பத்து லட்சம் டாலர் வரை முடியும். பல வருடமாக வங்கி கேட்டுவந்த வருமான வரித் தாள்களின் பெயர் "பதினஞ்சு சிஏ, பதினஞ்சு சிபி". சிஏ படிவம் நாம் போடுவது. சிபி படிவம் சிஏ கொடுப்பது, அதாவது ஆடிட்டர். வரிக்குரிய தொகை ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால்தான் சிபி தேவை, ஆனாலும் கேட்டு வைப்பார்கள். "சிஏ வேணும் சார்" என்று கவுன்டரில் சொன்னால் தாளா, ஆளா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆள்தான் என்றால் ஜூலை கடைசி வாரத்தில் போகாதீர்கள், ரிட்டர்ன் வேலையில் அவர் ஃபோனையே எடுக்கமாட்டார்.