பொய் பில்: கோர்ட்டா, துறை விசாரணையா?

கான்ட்ராக்டர் ஒருவர் செய்யாத வேலைக்குப் பில் போட்டு 80,000 டாலர் வாங்கிவிட்டார். அமெரிக்க மத்திய அரசின் ஒரு துறையில், சட்டப் பிரிவில் இருக்கும் என் மேஜைக்கு ஃபைல் வந்தது. அரசு சார்பில் வழக்கு நடத்தும் நீதித்துறை (Justice Department) வழியாகக் கோர்ட்டுக்குப் போகலாம். இல்லையென்றால், 1986இல் வந்து 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட நிர்வாகப் பொய்க் கோரல் சட்டப்படி துறை விசாரணைக்கு அனுப்பலாம். இரண்டாவதற்குத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.

கோர்ட்டில் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கிடைக்கும், இங்கே இரண்டு மடங்குதான். பொய்யாகக் கோரிய தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டினால் இந்த வழியே கிடையாது. பழைய வரம்பு இன்னும் மோசம், ஒன்றரை லட்சம். சரி, இதெல்லாம் தெரிந்ததுதான்.

என்னைத் துறை விசாரணைப் பக்கம் சாய்த்தது ஃபைல் போகும் பாதை. கோர்ட் என்றால், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் பெரிய பெரிய மோசடிகளுக்கு நடுவே என் 80,000 டாலரை எடுத்து நடத்த ஒரு வக்கீலுக்கு மனசு வரவேண்டும். இங்கே துறைக்குள் மோசடிகளைத் துருவும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் தரப்பு விசாரித்து அறிக்கை தரும். அவருக்குக் கீழே இல்லாத ஒரு மூத்த அதிகாரி அதைப் பரிசீலித்து, நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதுவார். சம்மதமா இல்லையா என்று 90 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

அந்தக் கடிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆதாரம், தொகை மட்டுமல்ல, எதிராளிக்குச் சாதகமானதையும் நாமே சொல்ல வேண்டும். பணம் வசூலாக நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்றும் எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்கே எனக்கு ஒரு வாரம் போனது. கான்ட்ராக்டர் பெயரில் இருந்த இரண்டு டிரக்கில் ஒன்று ஏற்கெனவே கடனில்.

சம்மதம் வந்ததும் விசாரணை தானாகத் தொடங்கிவிடாது. நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிராளி விசாரணை வேண்டுமென்று கேட்டால்தான் ஃபைல், இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் அதிகாரியிடம் போகும். இவர் 29ஆம் நாள் கேட்டார்.

அப்புறம் ஒரு நெருடல். 2024 ஜூனில் ஜார்கெசி வழக்கில், பங்குச் சந்தை ஆணையம் மோசடிக்கு அபராதம் போட வேண்டுமென்றால் ஜூரி முன்னால்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துறை விசாரணையில் ஜூரி இல்லையே என்று எதிராளியின் வக்கீல் முதலில் நீட்டியது அதைத்தான். நான் இந்த வழியில் அனுப்பியது ஒரே ஒரு ஃபைல். அதை வைத்து இந்த வாதம் எடுபடாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தொகை பத்து லட்சத்தை நெருங்கி, எதிரே வசதியான கம்பெனியும் நின்றால், நானே கோர்ட்டுக்குத்தான் எழுதுவேன்.