முதற் கப்பற் பயணம்: சென்னையா, சிங்கப்பூரா, மத்தியதரைக் கடலா? எந்த மாதத்தில்?

யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறையாக வெளிநாட்டுச் சொகுசுக் கப்பலொன்றில் ஏற எண்ணும் குடும்பங்கள், பெரும்பாலும் கப்பலின் பெயரையும் கட்டணத்தையும் முதலிற் பார்த்து, அதன் பின்னரே வீட்டுக்கு வசதியான ஒரு திகதியைத் தேடுகின்றன. இந்த ஒழுங்கை மாற்றி, எந்த மாதம் என்பதை முதலிலும், எந்தக் கடல் என்பதை அடுத்தும், எந்தக் கப்பல் என்பதை இறுதியிலும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கப்பல், ஒரே வழித்தடம், ஒரே அறை என்றாலும் பெப்ரவரியில் கிடைப்பது ஒரு பயணம், ஓகஸ்டில் கிடைப்பது வேறொரு பயணம். இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்ற அன்னபூரணி என்ற பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறையின் கடலோடிகள், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்கு ஒரு கணக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகத்துக்கு ஒரு கணக்கும் வைத்தே பாய் விரித்தவர்கள். இயந்திரக் கப்பலுக்குக் காற்றின் தயவு தேவையில்லை என்றாலும், அதில் இருக்கும் மனிதரின் வயிற்றுக்கும், துறைமுகத்தில் இறங்கி நடக்கும் கால்களுக்கும், கட்டணச் சீட்டுக்கும் பருவம் இன்னும் பொருந்தவே செய்கிறது.

யாழ்ப்பாணத்தவர் நடைமுறையில் எண்ணிப் பார்க்கக்கூடிய தெரிவுகள் நான்கு: சென்னையிலிருந்து வங்காள விரிகுடா, சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை, துபாயிலிருந்து வளைகுடா, ஐரோப்பாவின் மத்தியதரைக் கடல். கனடாவில் உறவினர் உள்ளவர்கள் கரீபியன் கடலைப் பற்றியும் கேட்பதுண்டு. மியாமியிலிருந்து புறப்படும் கப்பலுக்கு அமெரிக்க விசா வேண்டும் என்பதும், அங்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் என்பதும், முதற் பயணத்துக்கு அதை ஒதுக்கிவைக்கப் போதுமான காரணங்கள்.

அருகில் இருப்பது சென்னை. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் சென்னையை அடைகிறது. விசா விடயங்களுக்கு இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. கொழும்புக்குப் போகவே தேவையில்லை. 2023 ஜூன் மாதத்தில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்தபோது, நம்மவர் பலருக்குச் சொகுசுக் கப்பல் என்ற எண்ணமே அப்போதுதான் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. மும்பையைத் தளமாகக் கொண்ட இக்கப்பல், அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரமாக வீசும் ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரையான காலத்தில் சென்னைப் பக்கம் வருகிறது. அதாவது, சென்னைத் தெரிவில் மாதத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கப்பலே தேர்ந்தெடுக்கிறது. அக்காலத்தில் திருகோணமலைக் கடல் அமைதியாகவும், வடக்கே நம் கடல் சோழகத்தால் கொந்தளித்தும் இருப்பதைக் கரையோரத்தவர் அறிவர்.

இத்தெரிவில் எனக்குள்ள தயக்கங்கள் மூன்று. இலங்கைத் துறைமுகங்களுக்கு வரும் வழித்தடம் சென்னையிலிருந்து ஏறும் இந்தியருக்கு வெளிநாட்டுப் பயணம். நமக்கோ பணம் செலவழித்து இந்தியா சென்று, திரும்பவும் திருகோணமலைக்கு வருவதாக முடியும். கோணேசர் மலையைக் கடலிலிருந்து காண்பது பெரும்பேறுதான் என்றாலும், வெளிநாடு பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு அது போதாது. அடுத்தது, கப்பல் இந்தியாவை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் சென்றால் திரும்பிவரும்போது சிக்கல் ஏற்படும்; பலமுறை நுழையும் விசாவே வேண்டும். மூன்றாவது, கப்பலின் வயதும் அளவும். எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,000 தொன் அளவுடையது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ரோயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஏறத்தாழ 168,000 தொன். பெரிய கப்பல்தான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போதே தலைசுற்றும் ஒருவரை அழைத்துச் செல்வதானால், இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

துபாய் வழித்தடத்தை விரைவாகக் கடந்துவிடலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கு காலநிலை இதமாக இருக்கும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதால் கப்பல்களே ஐரோப்பாவுக்குப் போய்விடுகின்றன. அங்கும் பலமுறை நுழையும் விசா தேவை. செங்கடலில் 2023 இறுதியில் தொடங்கிய தாக்குதல்களுக்குப் பின்னர் அப்பகுதி வழித்தடங்கள் அடிக்கடி மாற்றப்பட்டிருக்கின்றன. கடைசி நேர இரத்து நேர்ந்தால் தாங்கிக்கொள்வதற்கு முதற் பயணத்தில் நமக்குப் பழக்கம் இராது.

ஆகவே உண்மையான போட்டி சிங்கப்பூருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையில்தான்.

சிங்கப்பூரின் முதற் சிறப்பு, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கு குறுகிய காலம் தங்குவதற்கு விசா தேவையில்லை என்பது. பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையவழியில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். இதன் பெறுமதியை, பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறியிருக்கும் யாழ்ப்பாணக் குடும்பங்கள் நன்கு உணரும். சூரிச்சிலிருந்து மகனும் ரொறொன்ரோவிலிருந்து மகளும் வர, பெற்றோர் இங்கிருந்து போய் ஒரே கப்பலில் ஐந்து நாட்கள் ஒன்றாக இருப்பதற்கு, பெற்றோரின் விசா மறுக்கப்படும் அச்சமின்றித் திட்டமிடக்கூடிய இடம் அது. ஒன்றாக இருந்து உண்ணவும் பேசவும் கிடைக்கும் அந்த நாட்கள்தான் பல வீடுகளில் இப்பயணத்தின் முழு நோக்கமும் ஆகும். துறைமுகங்கள் அதற்கு அடுத்தவை. மலேசியத் துறைமுகங்களில் நிற்கும் கப்பல் என்றால் மலேசிய மின்விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். தாய்லாந்து 2024 ஜூலையில் நமக்கு விசா விலக்கு அளித்தது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் வாரத்திலேயே மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

இரண்டாவது சிறப்பு கடல். மலாக்கா நீரிணையை ஒருபுறம் சுமாத்திராவும் மறுபுறம் மலாய்த் தீபகற்பமும் அணைத்து நிற்பதால், எந்தப் பருவக்காற்றும் அங்கு முழுப் பலத்துடன் வீசுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிள்ளான், பினாங்கு வரையான வழி ஆண்டின் பெரும்பகுதியும் அமைதியானது. பினாங்கைத் தாண்டி புக்கெட்டுக்குப் போகும்போதுதான் அந்தமான் கடல் திறக்கிறது. அங்கு மே முதல் ஒக்டோபர் வரை மழையும் அலையும், டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிந்த வானமும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல, கரைக்கு வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் பயணிகளை இறக்குவதால், முழங்கால் வலியுள்ள பெரியவருக்கு அந்த அலை வேறுபாடு மிக முக்கியமானது. சிங்கப்பூரிலிருந்து வியட்நாம் பக்கம் கிழக்கே போகும் கப்பல்களை நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை முதற் பயணிகள் தவிர்ப்பது நல்லது. நம் வாடைக் காற்றின் காலத்தில் தென்சீனக் கடலும் பொங்குகிறது.

பினாங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜோர்ஜ் டவுன் நகரம் நடக்கும் தூரம். குவீன் வீதி மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் தமிழ் பேசும் இடங்கள். ‘மலாயாப் பென்சனியர்’ என்ற பெயர் நம் ஊர்களில் வழங்கிய காலமொன்று இருந்தது. ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குப் போன அப்பரம்பரையின் பேரப்பிள்ளைகளுக்கு, பினாங்குத் துறைமுகத்தில் இறங்குவது வெறும் சுற்றுலாவாக இராது. தைப்பூசத்தை ஒட்டி அங்கு செல்ல வாய்த்தால் வெள்ளித் தேரையும் காணலாம். ஆயினும் அந்நாட்களில் நகரம் நிரம்பி வழியும் என்பதையும், கப்பல் நிற்கும் சில மணி நேரத்துக்குள் கூட்டத்திலிருந்து திரும்பிவர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மத்தியதரைக் கடல், பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் வளமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்சிலோனா, மார்செய், நேப்பிள்ஸ், உரோமாபுரி எல்லாம் ஒரே வாரத்தில் கிடைக்கின்றன. ஆனால் விலை, கட்டணத்தில் மட்டும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பம் திறக்கும்; அதற்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். கப்பல் நிறுவனங்கள் பொதுவாகப் புறப்படுவதற்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன் முழுப் பணத்தையும் கேட்கின்றன. எனவே விண்ணப்பம் திறக்கும் நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் இருப்பது மூன்று மாதம் அளவிலான இடைவெளியே. அதற்குள் விசா கையில் கிடைத்தாக வேண்டும். கப்பல், செங்கன் வலயத்துக்கு வெளியே உள்ள துருக்கித் துறைமுகம் ஒன்றைத் தொட்டுவருமானால் இங்கும் பலமுறை நுழையும் விசா வேண்டும்.

துறைமுகம் வேறு, நகரம் வேறு என்பதும் இங்கு பலருக்குத் தெரிவதில்லை. உரோமாபுரிக்கென்று கப்பல் நிற்கும் சிவிடவெக்கியா, நகரத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. புளோரன்சுக்கென்று நிற்கும் லிவோர்னோ அதைவிடத் தொலைவு. ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் அத்தூரம் போய், கற்பதித்த வீதிகளில் நடந்து, மாலைக்குள் திரும்புவது எழுபது வயதுத் தாய்க்குத் தண்டனையாகிவிடும். அதே மாதங்களில் கிரேக்கத் தீவுகளில் மெல்ரெமி என்னும் வடகாற்று பலமாக வீசுவதால், சன்ரோரினி போன்ற இடங்களில் இறங்க முடியாமற் போவதும் உண்டு. மே மாதமும் செப்டெம்பர் பிற்பகுதியும் ஒக்டோபர் தொடக்கமுமே ஐரோப்பாவுக்கு உரிய காலம். சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் பல இடங்களில் ஒக்டோபரில் இலையுதிர்கால விடுமுறை வருவதால், அங்குள்ள பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம். இருந்தாலும், கப்பல் வாழ்க்கைக்கு ஒருமுறை பழகிய பின்னர் செல்லவேண்டிய கடல் அது என்பேன்.

இனி மாதங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். டிசெம்பர் விடுமுறை பலரின் முதல் எண்ணம். ஆனால் சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கும் அதுவே நீண்ட விடுமுறை என்பதால் அறைக் கட்டணம் உச்சத்தில் நிற்கும். அத்துடன் நம் பக்கத்து மழையும் புயலும் அப்போதுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீதிகளையும் தொடருந்துப் பாதையையும் துண்டித்ததைப் பார்த்த பிறகு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவேண்டிய ஒருவர் அம்மாதங்களில் கப்பற் சீட்டு எடுப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா. வெளிநாட்டு உறவினர் நம் வீட்டுக்கு வரும் காலம். வீட்டில் 25 நாள் விரதம். அத்தோடு சுமாத்திராவில் காட்டுத்தீ பரவும் ஆண்டுகளில், 2015இல் நடந்ததுபோல, ஓகஸ்டுக்குப் பிறகு நீரிணை முழுவதும் புகைமூட்டம் சூழ்ந்துவிடுகிறது.

பாடசாலைப் பிள்ளைகள் இல்லாத தம்பதியருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் சீனப் புத்தாண்டு முடிந்த பின்னர், மார்ச் நடுப்பகுதியில் சிங்கப்பூர்ப் பாடசாலைகள் விடுமுறை விடுவதற்கு முன்னர் வரும் வாரங்களே மிகச் சிறந்தவை. 2027இல் சீனப் புத்தாண்டு பெப்ரவரி 6 என்பதால் அந்த இடைவெளி தாராளமாக இருக்கும். நம் வயல்களில் காலபோக அறுவடை முடிந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், அந்தமான் கடலும் அமைதியாக இருக்கும். பாடசாலைக் குடும்பங்களுக்கு ஏப்ரல் விடுமுறையைப் பரிந்துரைக்கிறேன். கொழும்பிலிருந்து விமானக் கட்டணம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏறும் என்பது உண்மை. ஆயினும் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் புக்கெட் வரை அமைதியான கடல் கிடைக்கும் கடைசி மாதம் அது. ஓகஸ்டைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள், புக்கெட்டை விட்டுவிட்டு கிள்ளானும் பினாங்கும் மட்டும் உள்ள மூன்று அல்லது நான்கு இரவுப் பயணத்தை எடுக்கலாம்.

கட்டணத்தை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள தொகை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கு உரியது. தனியே செல்பவர் ஏறத்தாழ இருமடங்கு கட்ட நேரும். துறைமுக வரி, ஊழியருக்கான டிப்ஸ், இணைய வசதி, கரைச் சுற்றுலா ஆகியவை தனி. டிப்ஸ் மட்டுமே அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டொலர் வரை வருவதால், நால்வர் கொண்ட குடும்பம் இதைத் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். அறையைப் பொறுத்தவரை, மாடத்துடன் கூடிய மேல்தள அறையைவிடக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் உள்ள அறை குறைவாகவே ஆடும். சைவ உணவை, வெங்காயமும் உள்ளியும் தவிர்ப்பவரானால் ஜைன உணவை, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய வருவதால் இது எளிது.

விமானத்தைக் கப்பல் புறப்படும் நாளில் வைக்காமல், முந்திய நாளே சிங்கப்பூரில் போய் இறங்கும்படி எடுங்கள். திரும்பும் நாளில், கப்பல் விடியற்காலையில் துறையை அடைந்தாலும் பொதிகளுடன் வெளியே வர முற்பகல் ஆகிவிடும். எனவே பிற்பகல் இரண்டு மணிக்கு முன் புறப்படும் விமானம் வேண்டாம்.