இரண்டாம் இசபெல்லா நோட்ஸ்: தருமபுரி ஜெராக்ஸ் கடைப் பிரதி வாங்கலாமா?

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில், பிஜி டிஆர்பி (முதுகலை ஆசிரியர் பணித் தேர்வு) வரலாறு எழுதுவோருக்கான ஐரோப்பிய வரலாற்று நோட்ஸை ஸ்பைரல் போட்டுத் தருகிறார்கள். அதில் ஸ்பெயினுக்கு மட்டும் 18 பக்கம். கைடுகளில், 1870 பிரான்ஸ்-பிரஷ்யா போருக்குத் தீப்பொறியான எம்ஸ் தந்தி வரும்போதுதான் ஸ்பெயின் தலைகாட்டும். அந்தத் தகராறுக்கு மூலமான ஸ்பெயின் அரியணை, அரசி இரண்டாம் இசபெல்லாவை இழந்து ஏன் காலியானது என்று பெரும்பாலும் இருக்காது. இதில் இருக்கிறது. அதற்காகவே வாங்கலாம்.

கார்லிஸ்ட் போர் (இசபெல்லாவுக்கு எதிராக டான் கார்லோஸின் ஆதரவாளர்கள் நடத்திய வாரிசுப் போர்) பற்றிய பகுதி தெளிவு. பெண்ணும் ஆளலாம் என்று அரசர் ஏழாம் பெர்டினாண்ட் 1830ல் வழிவிட்டதும், 1833ல் அவர் இறந்தபோது மூன்று வயதுகூட நிரம்பாத மகள் இசபெல்லா அரசியானதும், போர் 1840 வரை இழுத்ததும் வரிசையாக வருகின்றன. ஆனால் வம்சாவளிப் படத்தில் டான் கார்லோஸ் இசபெல்லாவுக்கு அண்ணனாக நிற்கிறார். அவர் சித்தப்பா. பேனாவால் அடித்து எழுதிக்கொள்ளுங்கள். அரசருக்கு மகன் இருந்திருந்தால் வாரிசுச் சண்டையே வந்திருக்காதே!

பெரிய குறை, 1843ல் இசபெல்லா நேரடியாக ஆளத் தொடங்கியதற்குப் பிந்தைய பக்கங்களில். அரசியின் அந்தரங்க வாழ்க்கைதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்று முடித்துவிட்டார்கள். அவப்பெயர் இருந்தது உண்மை. ஆனால் சிக்கல் ஆட்சி மாறும் முறையில் இருந்தது. அமைச்சரவையை அமைப்பதும் நாடாளுமன்றத்தைக் கலைப்பதும் அரசி கையில். அவர் யாரை அழைக்கிறாரோ, அவர்கள் தேர்தல் நடத்தி, அதிகாரிகளை வைத்துத் தாங்களே ஜெயிப்பார்கள். 1846 சட்டப்படி மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் ஓட்டு. அரசி திரும்பத் திரும்ப ஜெனரல் நார்வாயெஸின் மிதவாதக் கட்சியினரையே அழைத்தார். எதிர்க்கட்சியான முற்போக்கர்களுக்கு மிஞ்சியது ராணுவக் கிளர்ச்சி. 1854ல் ஜெனரல் ஓடொன்னெல் படையோடு கிளம்பிய பிறகுதான் முற்போக்கர் தலைவர் எஸ்பார்ட்டெரோவுக்கு அழைப்பு போனது. அதுவும் இரண்டே ஆண்டு. 1863 முதல் முற்போக்கர்கள் தேர்தலையே புறக்கணித்தார்கள். 10 மதிப்பெண் கேள்விக்கு இந்தச் சங்கிலிதான் விடை. நோட்ஸில் இது ஒரு வரிகூட இல்லை.

1866 பக்கத்தையும் நிரப்ப வேண்டும். ஜூனில் மாட்ரிட் சான் கில் பாசறையில் சார்ஜென்ட்கள் கிளர்ச்சி செய்தார்கள். அடக்கிய பின் 60க்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் முற்போக்கர்களும் ஜனநாயகர்களும் அரசியை இறக்கக் கைகோத்தார்கள். 1867ல், பின்னாளில் அரசியின் பிரதமராக இருந்த ஓடொன்னெலும் 1868 ஏப்ரலில் நார்வாயெஸும் இறந்தார்கள். அரசிக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. செப்டம்பரில் காடிஸ் துறைமுகத்தில் தளபதி டோபேட்டேயின் கடற்படை எழுந்தது, ஜெனரல்கள் பிரிமும் செரானோவும் சேர்ந்தார்கள், 28ஆம் தேதி அல்கோலியாவில் அரசியின் படை தோற்றது, 30ஆம் தேதி அவர் பிரான்ஸுக்குப் போய்விட்டார். இந்தத் தேதிகள் நோட்ஸில் சரியாகவே உள்ளன.

பெயர்களில் கவனம் தேவை. நார்வாயெஸ் ஒரு பக்கத்தில் 'நார்வேஸ்', இன்னொன்றில் 'நர்வாயஸ்'. இரண்டு பேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

அச்சில் இன்னொரு தொல்லை: காலவரிசை அட்டவணையில் ஆண்டுகள் இடது ஓரத்தில் இருப்பதால் ஸ்பைரல் துளை முதல் இலக்கத்தைத் தின்றுவிடுகிறது, 1868 வெறும் 868 ஆகிறது. ஆர்டர் கொடுத்த பிறகே பிரதி எடுக்கிறார்கள் என்பதால், இடது ஓரம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். வரைபடப் பக்கத்தை லைட்டாக எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைய பிரதியில் கார்லிஸ்டுகள் வலுவாக இருந்த பாஸ்க் பகுதி முழுக்க மை அப்பிக் கிடக்கிறது.