குன்னூரில் ஒரு ஜிப் கடை: காதில் பிடிபட்ட பழுது

ஐப்பசி மழை குன்னூரைப் பிடித்துக்கொண்ட வாரத்தில், என் ஜெர்க்கினின் ஜிப் கழுத்து வரை ஏறிய பின்பும் பற்கள் சேராமல் பிளந்து நின்றது. முதலில் காட்டிய தையல் கடையில் ஜிப்பையே மாற்ற வேண்டுமென்று 350 ரூபாய் கேட்டார்கள். மார்க்கெட்டுக்கு ஏறும் வழியில், பைகளையும் குடைகளையும் பழுதுபார்க்கும் சிறு கடையில் 40 ரூபாயில் வேலை முடிந்தது.

கடைக்காரப் பெரியவர் ஜிப்பை உற்றுப் பார்க்கவில்லை. காதருகே வைத்து ரன்னரை இருமுறை இழுத்தார். பற்கள் ஒழுங்காகக் கவ்வினால் ஒரே சீராகச் 'சர்ர்' என்று கேட்கும் என்றும், ரன்னர் தேய்ந்து வாய் அகன்றால் ஓசை தளர்ந்துவிடும் என்றும் சொல்லிவிட்டு, குறட்டால் ரன்னரின் பின்புற ஓரங்களை மெல்ல நெருக்கி, பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டார்.

அவர் ஓசையை நம்பியதில் ஒரு பொருத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஜிப் என்பது, துப்பாக்கிக் குண்டு காற்றைக் கிழித்துச் செல்வதையும் துணி கிழிபடுவதையும் செவியில் விழுந்தபடியே குறித்த ஒலிக்குறிப்புச் சொல். வேகம், துடிப்பு என்ற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை. கருவிக்கு அந்தப் பெயர் வெகு தாமதமாகவே வந்தது. 1893இல் விட்கம் ஜட்சன் காப்புரிமை பெற்றது கொக்கிகளாலான ஒரு பூட்டு. இன்றைய பல்லமைப்பைத் தந்த கிடியன் சண்ட்பேக் 1917இல் பெற்ற காப்புரிமையிலும் ஜிப் என்ற சொல் இல்லை. 1923இல் குட்ரிச் நிறுவனம் அதை ரப்பர் காலணிகளில் பொருத்தி, காலணிக்குத்தான் 'ஜிப்பர்' என்று பெயர் வைத்தது. மக்கள் காலணியை மறந்து, பெயரைப் பூட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் வழங்கும் ஜிப் என்ற குறுகிய வடிவமே நம்மிடமும் நிலைத்தது.

ஆனால் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்திலுள்ள ரீங்காரம் நம் 'ஜ'வில் இல்லை. தமிழ்க் காதுக்கு எந்த ஜிப்பும் 'ஜிப்' என்று ஒலிப்பதில்லை, பெரியவரின் 'சர்ர்'தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. தமிழோ அந்தச் சர்ரை ஒரு பொருளின் பெயராக விடாமல், 'என்று' சேர்த்துச் 'சர்ரென்று' ஆக்கி வினைக்கு முன்னே நிறுத்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. மாலையில் தருவதாகச் சொன்ன ஜெர்க்கின் மறுநாள் பகலில்தான் கிடைத்தது. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, ரசீதும் கிடையாது. உலோகப் பற்கள் கொண்ட பழைய ஜிப்புகளுக்கு எல்லா அளவு ரன்னரும் அவரிடம் இல்லை என்பதால், தோல் பையுடன் செல்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. எனக்கு மூன்று வாரமாக ஜிப் பிளக்கவில்லை.