லேமினேட் போட்டு வரும் லைசென்ஸ்: வடசென்னைக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்கு நடந்தது இது. மார்ச் கடைசி வாரம், கழுத்தில் ஐடி கார்டும் கையில் டேபும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்திருக்கிறார். "அண்ணே, 31-ஆம் தேதியோட லைசென்ஸ் முடியுது. போடலன்னா அடுத்த நாளே சீல் வெச்சிடுவாங்க. ஃபுட் லைசென்ஸ், உத்யம் ரினிவல், தராசு முத்திரை எல்லாத்தையும் சேர்த்து நானே முடிச்சுத் தந்துடறேன்." ஜிபேயில் 7,500 ரூபாய் போனது. இரண்டே நாளில் நான்கு காகிதங்கள் பளபளவென்று லேமினேட் ஆகி வந்தன. கல்லாவுக்கு மேலே மாட்டியும் ஆயிற்று. ஜூன் மாதம் ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தபோது நான்கில் ஒன்றுகூடச் செல்லவில்லை.

முதலில் மாநகராட்சி தொழில் உரிமம். காகிதத்தில் இருந்த எண் உண்மையானதுதான். போன வருடச் சான்றையே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கூடவே கொடுத்த ரசீதும் மாநகராட்சியுடையதுதான். ஆனால் அது தொழில் வரி ரசீது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் 30-க்குள்ளும் மார்ச் 31-க்குள்ளும் கட்டுவது. அரசியல் சட்டப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. தொழில் உரிமம் வேறு கணக்கு, வேறு எண், வேறு கட்டணம். இரண்டுக்கும் கெடு மார்ச் 31-இல் வந்து நிற்பதால், சிறிய தொகையைத் தொழில் வரியாகக் கட்டிவிட்டு அந்த ரசீதை "ரினிவல் ரசீது" என்று கையில் திணிப்பது சுலபமாகிவிடுகிறது. ரசீதில் மாநகராட்சி முத்திரையைப் பார்த்ததும் நிம்மதி அடையாதீர்கள். எந்த இனத்தில் பணம் வரவு வைத்திருக்கிறது, உங்கள் உரிம எண் அதில் இருக்கிறதா, எந்த ஆண்டுக்கு என்று இந்த மூன்றையும் படியுங்கள். பணம் தனிநபர் ஜிபே எண்ணுக்குப் போனால் அது மாநகராட்சிக்குப் போன பணமே இல்லை.

நம் பகுதியில் ஆட்கள் புரோக்கரைத் தேடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண் இருக்கும், சொத்து வரி ரசீதில் புதிய எண் இருக்கும். விண்ணப்பம் திரும்பி வரும். கட்டட உரிமையாளர் சொத்து வரி பாக்கி வைத்திருந்தாலும் சிக்கல்தான். இதைச் சரிசெய்ய உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். சொத்து வரி ரசீது, ஒப்பந்தம் எதையும் கேட்காமல் "நான் பார்த்துக்கறேன்" என்கிறவர் விண்ணப்பமே போடப் போவதில்லை.

அடுத்து உணவுப் பாதுகாப்புச் சான்று. இதைத் தரும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 24. ஆகவே இங்கே ஒரு சாதாரண மளிகைக் கடையின் எண் 124 அல்லது 224 என்றுதான் தொடங்க வேண்டும். இவருக்குக் கொடுத்த காகிதத்தில் 227 என்று இருந்தது. அது உத்தரப்பிரதேசத்தில் யாரோ ஒருவருடைய பதிவு. ஃபாஸ்காஸ் என்ற அந்த ஆணையத்தின் உரிமத் தளத்தில் எண்ணைப் போட்டால் லாகின் இல்லாமலேயே பெயரும் முகவரியும் வரும்.

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அதற்கு ரினிவல் என்று ஒன்று கிடையவே கிடையாது. பதிவு இலவசம், ஒரு முறை போட்டால் போதும். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசு கட்டணம் இல்லை. வழக்கமான கடைக்கு வருடாவருடம் புதுப்பிக்கும் வேலையும் இல்லை. இந்தப் பெயர்களில் பணம் வாங்குகிற தனியார் தளங்கள் தேசியச் சின்னத்தையும் மூவர்ணத்தையும் போட்டு அரசுத் தளம் போலவே இருக்கும். இணைய முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் "டாட் ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். சான்றில் உள்ள க்யூஆரை ஸ்கேன் செய்யும்போதும் இதே சோதனைதான். போலியில் அது ஏதாவது ஒரு டிரைவில் கிடக்கும் பிடிஎஃபைத் திறக்கும்.

தராசு விஷயம் ரொம்ப மோசம். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். தராசின் பக்கவாட்டிலோ அடியிலோ மெல்லிய கம்பியில் கோத்த ஈய வில்லை இருக்கும். அதில் அச்சடித்திருக்கும் எழுத்து காலாண்டைக் குறிக்கும்: ஜனவரி முதல் மார்ச் வரை ஏ, அடுத்தது பி, பிறகு சி, டி. கூடவே ஆண்டு இருக்கும். இந்தக் கடையில் பழைய வில்லையைத் தொடவே இல்லை; மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எடைக்கல் வைத்துச் சோதிக்காமல் யாரும் முத்திரை போட முடியாது. சரிபார்ப்புச் சான்றில் உள்ள சீரியல் எண்ணும் தராசில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும்விட நாங்கள் அதிகம் பார்ப்பது வேறொரு கோளாறு. வேலையை ஒழுங்காகச் செய்து தருகிற புரோக்கர்கூட விண்ணப்பத்தில் தன் மொபைல் எண்ணையும் ஈமெயிலையும் போட்டுவிடுகிறார். உரிமம் உங்கள் பெயரில் இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும், அதிகாரி கேட்ட விளக்கம் அவருக்குப் போகும், கெடு நினைவூட்டலும் அவருக்கே. விளக்கம் தராத விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதுகூட உங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவர் கேட்கும் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டாலும் சரி, சமர்ப்பிக்கும் முன் திரையைத் திருப்பச் சொல்லி மொபைல் கட்டத்தைப் பாருங்கள். யூசர் ஐடி, பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். பழைய பதிவுகளில் வேறு எண் இருந்தால் மார்ச் வரை காத்திருக்காமல் இப்போதே மாற்றக் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குக்கு நகர்ந்துவிடும். போலிச் சான்றைச் சுவரிலிருந்து இறக்குங்கள், ஆனால் கிழிக்காதீர்கள். அதுதான் ஆதாரம். தெரிந்த பிறகும் மாட்டி வைத்திருந்தால் கேள்வி உங்கள் மீதே திரும்பும். காவல் நிலையப் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318 (ஏமாற்றுதல்), 336 (போலி ஆவணம்) பிரிவுகளைக் குறிப்பிட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலோடு உங்கள் மண்டல அலுவலகத்துக்கு (திருவொற்றியூர் 1, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5) நேரில் போய்ப் புதுப்பிப்பு நிலுவையைக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் மாநகராட்சி உதவி எண் 1913. அரசு ஊழியரே லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064.