பார்க்ஸும் சாட்டோவும்: கிழக்காசியாவில் இரு பிரித்தானியத் தூதர்கள்

ஹாரி பார்க்ஸ், எர்னஸ்ட் சாட்டோ ஆகிய இருவரும் கிழக்காசிய மொழிகளைக் கற்று, அந்த அறிவையே முதலாகக் கொண்டு பிரித்தானியத் தூதர் பதவிக்கு உயர்ந்தவர்கள். கற்ற மொழியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் இருவரும் வேறுபடுகிறார்கள்.

பெற்றோரை இழந்த பார்க்ஸ் 1841இல் 13 வயதில் மக்காவுக்கு வந்து சீனம் பயின்றார். மறு ஆண்டே, முதல் அபினிப் போரில் தோற்ற சீனா பிரித்தானியாவுடன் செய்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானபோது உடனிருந்தார். வென்றவர் ஆணையிடத் தோற்றவர் ஒப்பமிடும் அந்தக் காட்சியின் தடம் அவரிடம் கடைசிவரை அழியவில்லை என்றே கருதுகிறேன். 1856 அக்டோபரில், கான்டனில் ‘ஆரோ’ என்னும் கப்பலின் சீன மாலுமிகள் 12 பேர் கைதானபோது, பிரித்தானியக் கொடி அவமதிக்கப்பட்டதாகக் கூறி அவர் பிடிவாதமாக நின்றார். அக்கப்பலின் பிரித்தானியப் பதிவுக் காலம் சில நாட்களுக்கு முன்பே முடிந்திருந்தது தெரிந்த பின்னும் அவர் இறங்கி வரவில்லை. இரண்டாம் அபினிப் போர் அங்கிருந்து மூண்டது. 1860இல் சீனச் சிறையில் அவரே விலங்கு பூண்டு வதைபட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாட்டோ 1862இல் 19 வயதில் பயிற்சி மொழிபெயர்ப்பாளராக யோகோஹாமாவில் வந்திறங்கினார். பார்க்ஸ் 1865இல் ஜப்பானுக்குத் தூதராக வர, அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய சாட்டோ, அடுத்த ஆண்டே ஓர் ஆங்கில இதழில் பெயரிடாமல் கட்டுரைகள் எழுதினார். பேரரசர் பெயரில் ஜப்பானை ஆண்டுவந்த படைத்தலைவரான ஷோகன் நாட்டுக்கு அரசர் அல்லர், பிரபுக்களுள் முதல்வர் மட்டுமே என்றும், பேரரசரின் கீழ் அமையும் பிரபுக்களின் கூட்டமைப்போடுதான் உடன்படிக்கை செய்யவேண்டும் என்றும் அவற்றில் வாதிட்டார். ஜப்பானிய மொழியில் பரவிய அக்கட்டுரைகளைப் பலரும் இங்கிலாந்தின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஓர் இளநிலை ஊழியர் அப்படி எழுதியது விதிமீறல்தான். ஆனால் நாட்டின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அவர் மக்களிடம் பேசிப் பேசியே கண்டறிந்தார். என் மதிப்பில் சாட்டோ உயர்ந்து நிற்பது இதனால்தான்.

அதற்காகப் பார்க்ஸைக் குறைத்துவிட முடியாது. பிரெஞ்சுத் தூதர் ரோஷ் ஷோகன் பக்கம் சாய்ந்தபோது அவர் சாயவில்லை. ஷோகன் தரப்புக்கும் பேரரசர் தரப்புக்கும் 1868இல் மூண்ட உள்நாட்டுப் போரில் நடுநிலை காத்தார். அவ்வாண்டு மார்ச் 23 அன்று, கியோட்டோவில் 15 வயதுப் பேரரசரைக் காணச் சென்ற அவருடைய ஊர்வலத்தின்மீது வாளேந்திய இருவர் பாய்ந்தனர். காவலர் பலர் காயமுற்றனர். சாட்டோவின் குதிரையும் வெட்டுப்பட்டது. பார்க்ஸ் கலங்காமல் மூன்று நாள் கழித்து மீண்டும் அரண்மனைக்குச் சென்றார். பேரரசரின் உரிமையை எழுதி வாதிட்ட சாட்டோவுக்கோ, தம் நாட்டு அரசவையில் முறைப்படி அறிமுகமாகாதவர் என்பதால், அன்று பேரரசரைக் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.

பார்க்ஸ் 1885இல் பீக்கிங்கில், பதவியில் இருந்தபோதே காலமானார். சயாம், உருகுவே, மொராக்கோ எனச் சுற்றிய சாட்டோ, 1895இல் அதே பேரரசரின் அவைக்குப் பிரித்தானியத் தூதராகத் திரும்பி வந்தார்.